சித்தி பொறுக்கிய கல்

என் சித்தி கழிப்பறைக் கோப்பை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். இதைச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வராது. விசாரிக்கிறவர்களிடம் அம்மா "பீங்கான் கம்பெனி" என்பாள். பெரிய மாமா இன்னும் ஒரு படி மேலே போய் "கெமிக்கல் லைன்" என்பார். சித்திதான் நேராகச் சொல்லுவாள். "நாங்க செய்யறதுல உக்காராம ஒரு நாள் இருந்து காட்டச் சொல்லு உங்க மாமாவ."

வாஷ்பேசினும் செய்கிறார்கள். நான் இருப்பது கடல் தாண்டி வெகு தூரத்தில். முன்பின் தெரியாத குளியலறைக்குள் போனால், கை கழுவுவதற்கு முன் குனிந்து பேசினின் அடியில் சித்தியின் தொழிற்சாலை முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது எனக்குப் பழக்கம். ஒரே ஒரு தடவை, ஒரு விமான நிலையத்தில் அகப்பட்டது. பெட்டிகளைக் காலடியில் போட்டுவிட்டு அங்கிருந்தே அவளுக்குப் போன் செய்தேன். "அப்படியா?" என்றாள். பிறகு, "விளிம்பு நேரா இருக்கா?" என்று கேட்டாள். நேராகத்தான் இருக்கிறது என்றேன். "சரி, விமானத்த விட்டுடாத," என்று வைத்துவிட்டாள்.

தொழிற்சாலைக்குள் அவளுக்கு 'கூம்பக்கா' என்று பெயர். சூளையைப் பார்த்துக்கொள்பவர் பார்வைக்கு அவளைவிட வயதில் மூத்தவர். அவரும் அக்கா என்றே கூப்பிடுவார். அவள் பதிலுக்கு அவரை அண்ணே என்பாள். இருவரில் யார் மூத்தவர் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

பெயர் வந்த காரணம் இது. தொழிற்சாலைக்கு லாரி லாரியாக ஒரு கல் வரும். ஃபெல்ட்ஸ்பார். களிமண், வெண்மணல், இந்தக் கல் மூன்றையும் அரைத்துக் கலந்துதான் கோப்பையும் பேசினும். களிமண் சதை, மணல் எலும்பு. சூளைச் சூட்டில் உருகி, இரண்டையும் ஒன்றாகப் பிடித்து ஒட்டுவது இந்தக் கல். எந்தச் சூட்டில், எவ்வளவு உருகும் என்பது கல்லுக்குக் கல் மாறும். அதைத் தெரிந்துகொள்வதுதான் சித்தியின் வேலை. வந்த கல்லில் கொஞ்சம் எடுத்து மாவாக அரைப்பாள். பசை சேர்த்துப் பித்தளை அச்சில் அழுத்தி, விரல் உயரத்தில் ஒரு கூம்பு செய்வாள். பக்கத்தில் நம்பிக்கையான பழைய கல்லில் செய்த இன்னொரு கூம்பு. இரண்டையும் ஒரு சுடுமண் ஓட்டின் மேல் நிறுத்திச் சின்ன அடுப்பில் சுடுவாள். பொட்டாஷ் வகைக் கல் என்றால் நுனி மட்டும் மழுங்கி, கூம்பு நின்றுகொண்டிருக்கும். சோடா வகை என்றால் அதே சூட்டில் உருகிப் படுத்துவிடும். இதற்காகப் படித்துப் பட்டயம் வாங்கியவள் அவள். ஆனால் கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குடும்பக் கதை மாதிரிதான் பேசுவாள்.

"பூமியோட மேல்தோல்ல பாதிக்கு மேல இதுதாண்டி. நீ நடக்கறது, நிக்கறது எல்லாம் இதும்மேலதான். பேரு மட்டும் ஒருத்தனுக்கும் தெரியாது."

"எத்தன வகை சித்தி?"

"மூணு பேருன்னு வச்சுக்க. பொட்டாஷ், சோடா, சுண்ணாம்பு. மூணும் கூடப்பொறந்ததுங்க. சோடா நடுவுல உள்ளது, உங்கம்மா மாதிரி. ரெண்டு பக்கமும் ஒத்துப்போகும். சுண்ணாம்போட எந்த அளவுல வேணாலும் கலந்துக்கும், சண்டையே கிடையாது. பொட்டாஷோட அப்படியில்ல. சூடா இருக்கறவரைக்கும் ஒண்ணுமண்ணா இருக்கும். மெல்ல ஆறினா தனித்தனி வரியாப் பிரிஞ்சிடும். வெளியப் போகாது, ஒரே கல்லுக்குள்ளதான். ஒரே வீடு, தனி அடுப்பு."

"பொட்டாஷும் சுண்ணாம்பும்?"

"அதுங்க ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாக்காது. உங்க பெரிய மாமாவும் நானும்."

இந்தக் கல் மழையிலும் காற்றிலும் கிடந்து, எண்ண முடியாத காலம் கழித்து மக்கினால் அதுவே வெள்ளைக் களிமண். "அப்ப நாங்க என்ன பண்றோம்? தாயையும் பிள்ளையையும் ஒண்ணா அரைச்சு, ஒண்ணா சுட்டு, அதுல உன்ன உக்கார வைக்கறோம்," என்று சிரிப்பாள்.

சித்தி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய சோகக் கதை ஒன்றும் கிடையாது. ஏன் என்று கேட்டால், "வந்தாங்க. சூட்டுல நிக்கல," என்பாள். ஐம்பதைத் தாண்டிய பிறகு யாரும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

கல்லுக்காரர் அவள் வாழ்க்கைக்குள் லாரியில் வந்தார். மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு கல்குழி இருந்தது. மனைவி தவறிப்போய் வெகு காலம் ஆகிவிட்டது. ஒரே மகள், கட்டிக்கொடுத்து வேறு ஊரில் இருக்கிறாள். மற்றக் குழிக்காரர்கள் டிரைவரை மட்டும் அனுப்பினால், இவர் மட்டும் டிரைவருக்குப் பக்கத்தில் தானும் ஏறி உட்கார்ந்து வருவார். புருவத்தில் எப்போதும் வெள்ளைத் தூசி. சட்டைப்பையிலிருந்து ஒரு கட்டியை எடுத்துச் சோதனை அறை ஜன்னலில் வைப்பார். சதுரம் சதுரமாக உடைந்து, முகம் கண்ணாடி போல் மின்னும் கட்டி. வெள்ளை, இளஞ்சிவப்பு, ஒரு தடவை பச்சை கூட. ஜன்னல் விளிம்பில் இடம் இல்லாமல் போய், சித்தி அடுத்த ஜன்னலையும் அதற்கு ஒதுக்கினாள்.

"மேடம், இன்னிக்கு என் கல்லு நிக்குமா, படுக்குமா?"

"கல்லு நிக்கும். நீங்கதான் படுக்கணும், கண்ணப் பாருங்க எப்படிச் செவந்திருக்குன்னு. போய்த் தூங்குங்க."

"தூங்கினா கல்லு யாரு எடுப்பாங்க?"

"கல்லு கோடி வருஷமாக் காத்துட்டு இருக்கு. ஒரு மத்தியானம் காத்திருக்காதா?"

இப்படியே பல வருடம் ஓடியது. ஒரு நாள் அம்மாவிடமிருந்து எனக்குப் போன்.

"உன் சித்திக்குக் கல்யாணமாம்."

"யாரோட?"

"கல்லுக்காரரோட. வேற யாரைத் தெரியும் அவளுக்கு? ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதாம். சொல்றா, ஏதோ புதுச் செருப்பு வாங்கப் போறவ மாதிரி." அம்மாவின் குரலில் கோபம் பாதி, சிரிப்பு பாதி. "நல்ல மனுஷன்தான். ஆனா இந்த வயசுல ஒருத்தர நம்பி... நீ வந்து பாரேன். நீ சொன்னா கேப்பா."

நான் சொல்லி அவள் எதையும் கேட்டதில்லை. ஆனாலும் எனக்கு மனசு அடித்துக்கொண்டது. தூரத்தில் இருப்பவர்களுக்கு நல்ல செய்தியும் பயமுறுத்தித்தான் வந்து சேர்கிறது. விடுப்புச் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன்.

வந்து இறங்கி வாசலில் பெட்டியை வைப்பதற்குள் அம்மா சொன்னாள்: "உள்ள போய்க் கல்யாணப் பேச்ச எடுக்காத. அவ ஃபாக்டரில பேசின் எல்லாம் உக்காந்துடுச்சாம்."

மறுநாள் சித்தி வாயிற்காவலரிடம் சொல்லி என்னையும் உள்ளே அழைத்துப் போனாள். சூளையின் வெளிவாயில் அருகே, தண்டவாளத்தின் மேல் ஒரு வண்டி நின்றது. அதில் வரிசை வரிசையாக வாஷ்பேசின்கள். வெள்ளையாக, பளபளப்பாக, அத்தனையும் விளிம்பு தொங்கிப்போய், நடு குழிந்து கிடந்தன. அழுது வீங்கிய முகங்களின் கூட்டம் மாதிரி இருந்தது.

சூளைக்காரர் என்னிடம் குறை சொன்னார். "நல்லாப் பாத்துக்கம்மா. அதே சூடு, அதே நேரம். நான் ஒரு முடுக்குக் கூட்டல, ஒரு முடுக்குக் குறைக்கல. உங்க சித்தி நிக்கும்னு சொன்ன கல்லு. இப்பப் பாரு, எப்படி நிக்குதுன்னு."

"அண்ணே, அவ இப்பத்தான் ஊர்லேருந்து வந்திருக்கா," என்றாள் சித்தி.

"வரட்டும்கா. சாட்சி வேணும்ல?"

மேலாளர் வந்தார். சித்தியைவிட இளையவர், கத்தத் தெரியாத மனிதர். அன்றும் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கல்லுக்காரர் தன் குழியில் புதிய பக்கத்தைத் திறந்த பிறகு வந்த முதல் லாரி இது. அதன் கல்லில் சித்தி செய்த கூம்பு நிமிர்ந்து நின்றது. சரி என்று எழுதிக்கொடுத்தாள். அரைத்தார்கள், வார்த்தார்கள், சுட்டார்கள். மொத்தமும் படுத்துவிட்டது.

"கூம்பு ஒண்ணு சொல்லுது, பேசின் வேற சொல்லுது," என்றார் மேலாளர். "எனக்கு ஒரு அர்த்தம்தான் தெரியுது மேடம். மேலாப்ல நல்ல கல்ல அடுக்கி, அடியில சோடாவப் போட்டு அனுப்பிட்டார். அவருக்குத் தெரியும், நீங்க மேலருந்துதான் எடுப்பீங்கன்னு."

சித்தி குனிந்து ஒரு பேசினின் அடி முத்திரையைப் பார்த்தாள்.

"நாளைக்கு மத்தியானம் அவர வரச் சொல்லியிருக்கேன். மீதிக் குவியல் இன்னும் முத்தத்துலதான் கிடக்கு. அதுக்குள்ள வேற காரணம் ஏதாச்சும் கிடைச்சா சொல்லுங்க. இல்லன்னா அவர் கல்லு இனிமே வேணாம். மத்தக் கம்பெனிக்கும் விஷயம் போகும், நான் தடுக்க முடியாது."

அவர் போன பிறகு சித்தி ஒரு பேசினின் தொங்கிய விளிம்பை விரலால் நேராக்கப் பார்ப்பவள் போல் தடவிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டில் வெங்காயம் உரித்தபடி அவளே பேசினாள். "எனக்கும் அப்படித்தான் தோணுதுடி."

"என்னன்னு?"

"என் கண்ணு எங்க போகும்னு அவருக்குத்தான் நல்லாத் தெரியும். இத்தன வருஷமாப் பாக்கறவர். புதுப் பக்கம் திறந்தார், கல்லு சரியில்ல, அந்த வாரமே வந்து கல்யாணம்னு கேட்டார். ரெண்டையும் சேத்துப் பாத்தா..." கண்ணைத் துடைத்தாள். வெங்காயம்தான் என்று வைத்துக்கொண்டேன். "ஏமாத்தியிருந்தா, கல்லு விக்கறதுக்காக என்னையே வாங்கியிருக்கார்னு அர்த்தம். இந்த வயசுல எனக்கு அது வேணுமா?"

அம்மா அடுப்படியிலிருந்தே கத்தினாள். "அவர் மூஞ்சியப் பாத்தா ஏமாத்தறவர் மாதிரியா இருக்கு?"

"ஏமாத்தறவன் மூஞ்சிய யாரு பாத்து வச்சிருக்கா அக்கா?"

காலையில் சித்தி சுத்தியலையும் ஒரு தட்டையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். நான் பின்னால் போனேன். குவியல் எங்கள் தலைக்கு மேல் உயரம். வெயில் பட்டு அங்கங்கே மின்னியது. அவள் சுற்றி வந்தாள், குனிந்தாள், ஒரு கட்டியை எடுத்துத் தட்டில் போட்டாள். இரண்டாவதை எடுக்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

"என்ன சித்தி?"

"கை எங்க போகுது பாரு."

பார்த்தேன். கைக்கு நேரே ஒரு கட்டி, இளஞ்சிவப்பு, முகம் கண்ணாடியாக மின்னிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி, அதன் மேல், அதன் கீழ் எல்லாம் வெள்ளையாக, சர்க்கரை மாதிரி பொடி. கட்டிகளுக்கு நடுவே சிந்தியது போலக் கிடந்தது. தட்டில் இருந்ததும் மின்னும் கட்டிதான்.

"அழகான கட்டியத்தான் எடுக்கறேன்," என்றாள் மெதுவாக. "அன்னிக்கும் இதத்தான் எடுத்திருப்பேன். என்னிக்கும் இதத்தான் எடுத்திருக்கேன்."

பிறகு எனக்கு விளக்கினாள். ஒரு குவியலிலிருந்து மாதிரி எடுக்க முறை உண்டு. பல இடத்திலிருந்து வாரிக் கொட்டிச் சின்னக் குவியலாக்க வேண்டும். தட்டிப் பரத்தி, நாலு கூறாகப் பிரித்து, எதிரெதிரே உள்ள இரண்டு கூறுகளைத் தள்ளிவிட வேண்டும். மீதியைக் கலந்து மறுபடி குவித்து, மறுபடி கூறு. கையளவு ஆகும் வரை இப்படியே. அப்போதுதான் மொத்தக் குவியலும் அந்தக் கையளவில் இருக்கும். கண்ணுக்கு அதில் வேலையே இல்லை.

"மத்தவங்க லாரிக்கெல்லாம் ஒழுங்காக் கூறு போடுவேன். இவருக்கு மட்டும் கையாலப் பொறுக்குவேன். என்ன வந்தாலும் ஒரே கல்லுதானேன்னு ஒரு நெனப்பு. முன்னெல்லாம் ஒரே கல்லுதான், அதனால மாட்டிக்கல." சுத்தியலைக் கீழே வைத்தாள். "அவர் அடுக்கினாரா, நான் பொறுக்கினேனா? அதத்தான் பாக்கணும். போ, அண்ணன ஒரு மண்வாரியோட வரச் சொல்லு."

சூளைக்காரர் இரண்டு மண்வாரிகளோடு வந்தார். ஒன்று எனக்கு. வேலைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, குவியலை மேலிருந்து அடிவரை வெட்டித் திறந்தோம். மூச்சுக்குத் துணி கட்டிக்கொண்டு வாரினோம். எனக்குப் பத்துத் தடவை வாரியதிலேயே இடுப்பு விட்டுப்போயிற்று. சித்தி தரையில் உட்கார்ந்து, மேலே எடுத்தது, நடுவில் எடுத்தது, அடியில் எடுத்தது என்று தனித்தனியாகப் பார்த்தாள். அடியிலும் மின்னும் கட்டிகள் இருந்தன. மேலே இருந்த அளவுக்கே இருந்தன. என்ன, வெள்ளைப் பொடிக்குள் புதைந்து கிடந்தன.

"அடுக்கியிருந்தா இது அடியில இருக்காதே," என்றாள்.

"அப்ப பொடி ஏங்கா அடியில மட்டும் இவ்ளோ?" என்றார் சூளைக்காரர்.

"லாரி வர்ற ரோடு எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா? அரிசியக் குலுக்கினா நொய் எங்க போகும்?"

அவர் ஒரு வாளியில் கட்டியையும் பொடியையும் கலந்து போட்டு, அங்கேயே நாலு குலுக்குக் குலுக்கினார். கட்டிகள் மேலே வந்து மினுக்கின. பொடி காணாமல் போயிற்று. "அட," என்றார். பிறகு இன்னொரு தடவை குலுக்கிப் பார்த்தார், வித்தை காட்டுபவர் மாதிரி.

கூறு போட்டு எடுத்ததில் ஒரு கூம்பு. மின்னும் கட்டியில் ஒன்று. வெள்ளைப் பொடியில் ஒன்று. பழைய கல்லில் ஒன்று. நான்கையும் ஒரே ஓட்டில் நிறுத்திச் சித்தி அடுப்புக்குள் தள்ளினாள். அடுப்பருகே காத்திருந்தோம். ஜன்னலில் அடுக்கியிருந்த கட்டிகளை அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் ஓடு வெளியே வந்தது. பழைய கல் நின்றது. மின்னும் கட்டி நின்றது. பொடி உருகிப் படுத்து, கண்ணாடிச் சொட்டு மாதிரி ஆகியிருந்தது. கூறு போட்டது நிற்கவும் இல்லை, படுக்கவும் இல்லை. இடுப்பு வலிக்காரன் மாதிரி வளைந்து நின்றது. எனக்கு அதன் மேல் தனிப் பாசம் வந்தது.

கல்லுக்காரர் மேலாளர் அறையில் உட்கார்ந்திருந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். புருவத்தைக் கூடக் கழுவியிருந்தார். அதனால் வேறு யாரோ மாதிரித் தெரிந்தார். சித்தி ஓட்டை மேஜையின் மேல் வைத்தாள்.

"சார், இவர் அடுக்கல. கட்டி மேலருந்து அடி வரைக்கும் இருக்கு. பொடி வர்ற வழியில இறங்கியிருக்கு. நான் கூறு போடாம நல்ல கட்டியாப் பாத்துப் பொறுக்கி எடுத்தேன். தப்பு என்னோடது."

மேலாளர் கூம்புகளைக் குனிந்து பார்த்தார். "நீங்களா? கூறு போடாமயா?"

"ஆமா சார்."

"ஏன்?"

சித்தி கல்லுக்காரரைப் பார்க்கவில்லை. "இவர் கல்லுங்கறதால."

 மேலாளருக்குக் கல்யாண விஷயம் தெரியும். தொழிற்சாலையில் யாருக்குத்தான் தெரியாது? அவர் சிரிப்பை அடக்க மேஜையின் மேல் இருந்த பேனாவை எடுத்து மூடிவைத்தார். "அப்ப இனிமே இவர் லாரி வந்தா நீங்க தொடக் கூடாது. அடுத்த பிரிவுலேருந்து ஆள் வந்து எடுக்கட்டும். பேசின் நஷ்டத்துக்கு உங்க மேல ஒரு குறிப்புப் போகும், அத நான் தவிர்க்க முடியாது. சரியா?"

"சரி சார். நியாயம்தான்."

"உங்க கல்லு," என்று கல்லுக்காரர் பக்கம் திரும்பினார். "சோடாவும் எங்களுக்கு வேணும்தான். குறைஞ்ச சூட்டுல வேகும், நல்லது. ஆனா எது எவ்ளோன்னு தெரிஞ்சு வேணும். குழியிலயே ரெண்டாப் பிரிச்சு அனுப்ப முடியுமா?"

"முடியும்," என்றார் கல்லுக்காரர். அவர் கூம்புகளைப் பார்க்கவில்லை. சித்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு கேக்கணும் மேடம். நான் அடுக்கினேன்னு நேத்து இவர் உங்ககிட்டச் சொன்னப்ப, நீங்களும் அப்படித்தான் நினைச்சீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கதவோரம் நின்று அதைத்தான் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"நினைச்சேன்," என்றாள் சித்தி. "காலையில வரைக்கும் நினைச்சேன்."

அவர் தலையாட்டினார். எழுந்து மேலாளரிடம் சொல்லிக்கொண்டு வெளியே போனார். லாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு லாரிகள் வந்தன. ஒன்றில் கட்டி, ஒன்றில் வெள்ளைப் பொடி, தனித்தனியாக, சுத்தமாக. டிரைவர் மட்டும் வந்தார்.

"பொய் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் அம்மா.

"கல்யாணத்துக்கப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்," என்றாள் சித்தி. சிரிப்பு வரவில்லை. என் விடுப்பு முடிந்துகொண்டிருந்தது. கிளம்புவதற்கு முந்தைய நாள் அவளே கேட்டாள், "என்கூடக் குழி வரைக்கும் வர்றியா?"

இத்தனை வருடம் அந்தக் கல்லைப் பொடியாக்கிக்கொண்டிருந்தவள், குழியைப் பார்த்ததே இல்லை. வாடகைக் காரில் போனோம். வழி முழுக்க அவள் கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள். எனக்கு அவளைவிடப் பதற்றம்.

மலையின் வயிற்றில் ஒரு பக்கம் வெட்டித் திறந்திருந்தது. சுவர் முழுக்க இளஞ்சிவப்புப் படிகங்கள், சில ஆள் உயரம். சித்தி வாயைத் திறந்தபடி நின்றாள். அடியாழத்தில் உருகிக் கிடந்த பாறையின் கடைசிச் சாறு, தண்ணீர் நிறைந்த சாறு, ஒரு வெடிப்புக்குள் ஏறி மெல்ல மெல்ல ஆறினால்தான் இவ்வளவு பெரிதாக வளரும் என்று அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். சொன்னவளுக்கே அதை நேரில் பார்க்கத் தாங்கவில்லை. அந்தச் சிவப்புக்குள் வெள்ளை நாளங்கள் கிளை கிளையாக ஓடியிருந்தன. படிகங்களின் ஓரங்களை அரித்து, சில இடங்களில் பாதியைத் தின்று.

கல்லுக்காரர் கொட்டகையிலிருந்து வந்தார். புருவத்தில் தூசி இருந்தது. பார்க்க நிம்மதியாக இருந்தது.

"அதோ அந்த வெள்ளை," என்று சித்தி சுவரைக் காட்டினாள், வணக்கம் கூடச் சொல்லாமல். "அது அப்புறம் வந்தது. எல்லாம் முடிஞ்சு, கல்லு இறுகினதுக்கப்புறம் வந்திருக்கு சோடா. வந்து பழசத் தின்னுட்டுத் தன் இடத்தப் பிடிச்சிருக்கு."

"தெரியும்," என்றார். "இருபது வருஷமா வெட்டறேன்."

"என்கிட்டச் சொன்னதே இல்ல?"

"நீங்க கேட்டதே இல்ல. ஜன்னல்ல வைக்கற கட்டிதான் உங்களுக்குப் பிடிச்சது."

அவள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னும் பிரிக்காத குவியல் ஒன்று இருந்தது. கை தானாக வேலையை ஆரம்பித்தது. கட்டி ஒரு கூடை, பொடி ஒட்டிய கல் ஒரு கூடை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"திருட்டுப் பயன்னு நினைச்சிட்டீங்களே மேடம்."

"நினைச்சேன். நினைச்சத வச்சுக்கிட்டு உங்கள வேண்டாம்னு சொல்லிடலாம்னும் நினைச்சேன். முடியல. அதான் மண்வாரிய எடுத்தேன்." ஒரு கல்லை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய கோடுகள், சோடா வகையின் அடையாளம். சோடாக் கூடையில் போட்டாள். "ஏமாத்தலன்னு தெரிஞ்சப்ப, வேல போனாலும் பரவால்லன்னு இருந்துச்சு. இந்த வயசுல எனக்கு இப்படி இருக்கும்னு நான் நினைக்கல."

"வேல போச்சா?"

"போகல. உங்க லாரியத் தொடக் கூடாது, அவ்ளோதான்."

"அப்ப நான் எதுக்கு லாரில வரணும்?"

"சாப்பிட வாங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் எதிரில் உட்கார்ந்து மறு பக்கத்திலிருந்து பிரிக்க ஆரம்பித்தார். அவள் போட்ட ஒரு கல்லை எடுத்துக் கூடை மாற்றிப் போட்டார். அவள் அதை எடுத்துத் திருப்பி அதே இடத்தில் வைத்தாள். அவர் மறுபடி மாற்றினார். நான் காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். டிரைவர், "கிளம்பலாமாம்மா?" என்று கேட்டார். இன்னும் ஆகும் என்றேன்.

நான் திரும்பி வந்து, இங்கே குளிர் ஆரம்பித்தபோது அம்மாவின் போன் வந்தது. கையெழுத்துக்குத் தேதி குறித்தாயிற்றா என்று கேட்டேன்.

"அத விடு. அந்த மனுஷன் இன்னும் கோவமாத்தான் இருக்கார்," என்றாள் அம்மா.

 "என்னம்மா சொல்ற?"

"ஆமாண்டி. நேத்துக்கூட வந்தார், உன் சித்திகிட்ட முகம் கொடுத்துப் பேசல. என்கிட்டத்தான் பேசினார். குழிக்கும் ஃபாக்டரிக்கும் நடுவுல ஒரு வீடு பாத்திருக்காராம். ரெண்டு பேருக்கும் சம தூரமாம். தண்ணி வசதி எப்படின்னு உன் சித்திய ஒரு தடவ வந்து பாக்கச் சொல்லுங்கன்னு, அவ பக்கத்துலயே நிக்கறா, என்கிட்டச் சொல்லிட்டுப் போறார்."

"சித்தி என்ன சொன்னா?"

"என்ன சொல்லுவா? 'பேசின் யாரு கம்பெனியோடதுன்னு கேளுக்கா'ன்னு என்கிட்டச் சொல்றா."